பாட்டில்லாத அறிவித்தல்

கல்முனையில் நேசராசாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். குரல் தெரியாதவர்கள் இல்லை. ஓட்டோவின் கூரையில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு ஹோன் ஒலிபெருக்கி கட்டியிருப்பார். பாண்டிருப்பில் தொடங்கினால் சாய்ந்தமருது முடியும்வரை அறிவித்தல்களை ஒரே மூச்சில் வாசிப்பார். வயது ஐம்பத்தாறு. மெதடிஸ்த ஆலயத்தின் பாடகர் குழுவில் அவரைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். முன்னுக்கு விட்டால் மற்றவர்கள் பாடுவது ஆண்டவருக்குக்கூடக் கேட்காது என்று போதகரே ஒருமுறை பகிடியாகச் சொன்னார்.

அவருடைய தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சாறிக் கடை மலிவு விற்பனை, புது ஹோட்டல் திறப்பு விழா, ரியூசன் வகுப்பு என்றால் முதலில் பத்துச் செக்கன் பாட்டு, பிறகு விடயம், பிறகு மறுபடியும் பாட்டு. தடுப்பூசி, டெங்குச் சோதனை, மின்வெட்டு, மரண அறிவித்தல் என்றால் பாட்டே கிடையாது. பாட்டோடு வந்தால் கடை, பாட்டில்லாமல் வந்தால் செய்தி. இதை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு ஊர் தானாகப் படித்துக்கொண்டது. பாட்டுக் கேட்டால் பெண்கள் கிரைண்டரைக்கூட நிறுத்த மாட்டார்கள். பாட்டில்லாமல் குரல் மட்டும் வந்தால் ஃபேனையும் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள்.

பழக்கம் வந்தது சுனாமியோடு. அதற்கு முன்னர் எல்லாவற்றுக்கும் பாட்டுத்தான். கடல் வந்துபோன மூன்றாம் நாள், பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சனங்களுக்காக நேசராசா ஓர் இரவல் மைக்செட்டோடு அலைந்தார். காணாமற்போன பிள்ளைகளின் பெயர், வயது, உடுத்திருந்த சட்டையின் நிறம். பழக்கதோஷத்தில் அவருடைய விரல் கசெட்டைத் தட்டிவிட, ஒரு சினிமாப் பாட்டுத் தொடங்கியது. வகுப்பறை வாசலில் நின்ற தாய்மாரின் முகத்தைப் பார்த்தார். உடனே நிறுத்தினார். அன்றிலிருந்து செய்திக்கு அவர் பாட்டுப் போட்டதில்லை.

அன்றைக்கு வாசித்த பெயர்களில் ஒன்று கல்முனைக்குடிக் கச்சிமுகம்மதுவின் மகளுடையது. நான்கு வயது, மஞ்சள் சட்டை. சொறிக்கல்முனையில் ஒரு வீட்டில் பிள்ளையைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அறிவித்தல் வாய்க்கு வாய் அங்கே போய்ச் சேர்ந்தது. மறுநாள் பிள்ளை தகப்பனின் தோளில் வந்து சேர்ந்தது. கரைவலை போட்டு மீன்பிடிக்கிற கச்சிமுகம்மது அதற்குப் பிறகு நேசராசாவின் வாயிலிருந்து வருவது எதையும் கேள்வி கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் இது பெருமையாகத்தான் இருந்தது. ஆபத்தாகவும் இருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

கதை நடந்தது போன வருடம் மாசியில். சாய்ந்தமருதிலிருந்து ஸஹீத் என்ற இளைஞன் நேசராசாவைத் தேடி வந்தான். அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். அவனுடைய கம்பனி கிரிப்டோ கொயின் விற்றது. கொயின் என்றால் கையில் பிடிக்கிற காசல்ல, போனுக்குள் இருக்கிற இலக்கம். கம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு நாமும் ஓர் இலவச விளம்பரம் செய்வானேன்? சனிக்கிழமை மண்டபமொன்றில் கூட்டமாம். இன்றைக்கு ஒரு இலட்சம் போட்டால் ஆறு மாதத்தில் இரண்டு இலட்சமாம். மூன்று பேரைக் கூட்டிவந்தால் அவர்கள் போடுகிறதிலும் ஒரு பங்காம். வட்டி இல்லை, முழுக்க ஹலால் என்று அவன் தந்த நோட்டிசில் தடித்த எழுத்தில் அடித்திருந்தது.

இரண்டு நாள் வாசிக்க, கூலியாக நாளொன்றுக்குப் பதினையாயிரம் தருவதாக ஸஹீத் சொன்னான். வழக்கமாக நேசராசா வாங்குவது ஐயாயிரம். ஒரேயொரு நிபந்தனைதான்.

"பாட்டு வேணா அங்கிள். மாநகர சபை அறிவித்தல் வாசிக்கிற மாதிரி வாசிங்க. சீரியஸா இரிக்கணும்."

கொழும்பிலிருந்து வருகிற எந்த மேலாளருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. இங்கே பிறந்து, இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவனுக்குத்தான் வரும். நேசராசாவுக்கும் மனதில் ஒரு இடறல் இருந்தது. ஆனால் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் டிலக்சினியின் லெப்டொப்பில் பாதித் திரை செத்துப்போய், மிச்சப் பாதியில்தான் பிள்ளை ஒப்படை எழுதிக்கொண்டிருந்தாள். அந்த முப்பதாயிரத்தை வைத்து இடறலை மூடினார். நல்ல மனிதர்தான், அன்றைக்கு அப்படித்தான் செய்தார்.

திங்களும் செவ்வாயும் வாசித்தார். "பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்" என்று தொடங்குகிற அதே தொடக்கம், அதே நிதானம். செவ்வாய் பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி றஞ்சிதமலர், பாட்டுப் போட மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்றார். அப்படியென்றால் அது என்ன அறிவித்தல் என்று கேட்டாள். நேசராசா துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை சந்தைக்கு முன்னாலுள்ள தேநீர்க் கடையில் கச்சிமுகம்மது அவரைப் பிடித்தார். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. உம்றா போவதற்கென்று பல வருடமாகச் சேர்த்த காசு அவரிடம் இருந்தது. அது ஒரு ஆளுக்குத்தான் காணும். மனைவியை விட்டுவிட்டு மக்காவுக்குப் போக மனம் வராமல் இரண்டு வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். இப்போது அரசாங்கமே கொயின் விடுகிறதாம். ஆறு மாதத்தில் காசு இரட்டித்தால் இரண்டு பேருமாகவே போய்வரலாம். சனிக்கிழமை மண்டபத்துக்குக் காசோடு போவதாகச் சொன்னார்.

நேசராசா கிளாஸைக் கீழே வைத்தார். அது அரசாங்கமில்லை, ஒரு கம்பனி என்றார்.

கச்சிமுகம்மது நம்பவில்லை. "நீ பாட்டுப் போடல்லயே நேசம். பாட்டில்லாம நீ சொன்னா அது கடை இல்லயே."

நேசராசா தேநீர்க் காசை வைத்துவிட்டு எழுந்தார். போகிற வழியெல்லாம் இன்னும் எத்தனை பேர் இப்படி நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தார். ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்ட அத்தனை வீடும் ஞாபகத்துக்கு வந்தது. கள்ளப் பணத்தைக் கையில் வைத்திருப்பவனைப் போல, சொந்தக் குரலே அவருக்குப் பாரமாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை தன்னுடைய கணக்கு இருக்கிற வங்கிக்குப் போனார். அங்கே வேலை செய்கிற மேனுஜா பாண்டிருப்புப் பிள்ளை, சின்ன வயதிலிருந்து தெரிந்தவள். நோட்டிசை அவள் முன்னால் வைத்து, இது சரியான ஒன்றா என்று கேட்டார். மேனுஜா முழுவதையும் வாசித்தாள்.

"கிரிப்டோ எண்டு சொல்லிச் சனத்திட்டக் காசு சேக்க மத்திய வங்கி இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் அனுமதி குடுக்கல்ல அங்கிள்," என்றாள். "நாளைக்குச் சட்டம் வரலாம், குடுக்கலாம். அது வேற கதை."

பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். ஒருவர் தன்பாட்டில் கொயின் வாங்கினால் லாபமும் நட்டமும் அவர் தலையோடு. நாட்டில் அது காசாகச் செல்லாது, ஏமாந்தால் போய்க் கேட்பதற்கும் இடமில்லை. இதைத்தான் மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் மூன்று பேரைக் கூட்டிவா, பங்கு தருகிறேன் என்பது அதைவிடப் பெரிய விடயம். பிந்தி வருகிறவனின் காசை எடுத்து முந்தி வந்தவனுக்குக் கொடுக்கிற பிரமிட் திட்டம் அது. வங்கிச் சட்டத்தில் குற்றம். அந்தப் பிரிவைக் கணினியில் எடுத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

நேசராசா வாசித்தார். நடத்துகிறவர் மட்டுமல்ல, ஊக்குவிக்கிறவரும் விளம்பரம் செய்கிறவரும் அதற்குள் அடக்கம் என்றிருந்தது. விளம்பரம் என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் வாசித்தார். இத்தனை வருடத்தில் அவர் தன்னை விளம்பரக்காரன் என்று நினைத்ததே இல்லை. அறிவிப்பாளர் என்றுதான் நினைத்திருந்தார்.

"அப்ப எனக்கு மறியலா பிள்ள?"

"தெரியாமச் செஞ்சது ஒண்டு அங்கிள்," என்றாள் மேனுஜா. "இனித் தெரியும்தானே."

அந்தப் பிள்ளை அதைக் கடிந்து சொல்லவில்லை. ஆனாலும் நேசராசாவுக்குச் சிறைக்குப் போகிற பயம் இல்லாமலில்லை. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. சனிக்கிழமை ஊர் தன் காசைக் கொண்டுபோய் அந்த மண்டபத்தில் கொட்டிவிட்டால், ஏமாந்தவர்கள் கம்பனியை நினைக்க மாட்டார்கள். இவருடைய குரலைத்தான் நினைப்பார்கள். பிறகு தடுப்பூசி என்று சொன்னாலும் ஒருவரும் ஃபேனை நிறுத்த மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து றஞ்சிதமலரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. லெப்டொப் இன்னும் வாங்கவில்லைதானே என்று மட்டும் கேட்டுவிட்டு, அலுமாரிக்குள்ளிருந்த காசை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். பெற்றோல் செலவைக்கூடக் கழிக்காமல் முப்பதாயிரத்தையும் உறையில் போட்டு, ஸஹீதை வரச்சொல்லிக் கொடுத்தார். சனிக்கிழமைக்கு முந்தியே அறிவித்தலைத் திருத்தி வாசிக்கப் போவதாகவும் மறைக்காமல் சொன்னார்.

ஸஹீத் சண்டை பிடிப்பான் என்று எதிர்பார்த்திருந்தார். அவன் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வாப்பாட வயக் காணி வித்த காசு உள்ளுக்க கிடக்கு அங்கிள். மூணு பேரச் சேத்தாத்தான் எனக்கு அது திரும்பி வரும்."

"அந்த மூணு பேருட காசு எப்பிடித் திரும்பி வரும் தம்பி?"

ஸஹீத் உறையை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசற்படியில் செருப்பை மாட்டக்கூட அவனுக்கு நேரம் எடுத்தது. நேசராசாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட கம்பனிகள் ஊருக்குள் வருவது கள்ளனின் முகத்தோடு அல்ல. நம்முடைய பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகத்தோடுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஒலிபெருக்கி அனுமதிக்காகப் பொலிசுக்குப் போனார். படிவத்தில் விடயம் என்ற இடத்தில் பிழை திருத்தம் என்று எழுதினார். சார்ஜன்ட் அதைப் பார்த்துவிட்டு, யாருடைய பிழை என்று கேட்டார். என்னுடையது என்றார் நேசராசா. ஒருவர் தன்னுடைய பிழைக்கு அனுமதி கேட்டு வருவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சார்ஜன்ட் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும்.

ஜும்ஆ தொழுகை முடிந்து சனம் வெளியே வரும்வரை பிரதான வீதியில் ஓட்டோவை ஓரங்கட்டிக் காத்திருந்தார். வெள்ளைத் தொப்பிகள் வீதியை நிறைத்ததும் மைக்கை எடுத்தார். ஐயாயிரம் தடவையாவது இந்த வீதியில் வாசித்திருப்பார். அன்றைக்கு மட்டும் தொடங்குமுன் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல். என்னுடைய பெயர் நேசராசா. திங்களும் செவ்வாயும் கிரிப்டோ கொயின் கூட்டம் என்று நான் வாசித்தது அரசாங்க அறிவித்தல் அல்ல. அது ஒரு கம்பனியின் விளம்பரம். பாட்டுப் போட வேண்டாம் என்று சொல்லி எனக்கு முப்பதாயிரம் ரூபாய் தந்தார்கள். நான் வாங்கினேன். பிழை என்னுடையது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூட்டத்துக்குப் போகிறவர்கள் காசு கட்ட முதல், மத்திய வங்கி தந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்."

இத்தனை வருடத்தில் தன்னுடைய பெயரை மைக்கில் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு, உடுப்பில்லாமல் நடுவீதியில் நிற்கிற மாதிரி இருந்தது.

சிலர் நின்று கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். இதைச் சொல்வதற்கு எந்தக் கம்பனி எவ்வளவு தந்தது என்று ஒருவர் உரத்த குரலில் கேட்க, சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். துணிக்கடை ஜவாத், பன்னிரண்டு வருட வாடிக்கைக்காரர், கடை வாசலுக்கே வந்து ஏசினார். காசு வாங்கித்தான் வாசிக்கிறேன் என்று நீயே மைக்கில் சொல்லிவிட்டால் என்னுடைய மலிவு விற்பனையை யார் நம்புவது என்பது அவருடைய நியாயம். நேசராசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுத்த சந்திக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். மஃரிப் தொழுகைக்கு முதல் இருபத்தாறு தடவை வாசித்து முடித்தார். யாரோ அதைப் போனில் பிடித்துப் போட, ஹோன் எட்டாத சந்து ஒழுங்கைக்கெல்லாம் வட்ஸ்அப் போய்ச் சேர்ந்தது. கிண்டல் பண்ணித்தான் அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்பதுதான் முக்கியம்.

சனிக்கிழமை காலை மண்டபத்துக்கு எதிரே ஒரு வாகை மரத்தின் கீழ் ஓட்டோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். மைக்கைத் தொட அனுமதி இல்லை. பார்க்கத்தான் முடியும். முந்நூறு கதிரை போட்டிருந்ததாகக் கேள்வி. போனவர்கள் எழுபது, எண்பது பேர் இருக்கும். நேசராசாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கச்சிமுகம்மது வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு தோல் பை. நேசராசாவைக் கண்டு தலையை ஆட்டினார். நிற்கவில்லை. நேரே உள்ளே போய்விட்டார்.

போய்க் கையைப் பிடித்து இழுக்கலாமா என்று நினைத்தார். இழுக்கிற உரிமை தனக்கு இல்லை என்றும் நினைத்தார். அவரை அந்த வாசலுக்குள் அனுப்பியதே இந்த வாய்தானே. உள்ளே கைதட்டல் கேட்டது. பிறகு ஒரே அமைதி. அதற்குப் பிறகு பல பேர் ஒரே நேரத்தில் கதைக்கிற சத்தம். நேசராசா செபிக்க முயன்றார், வசனம் வரவில்லை.

முக்கால் மணி நேரத்தில் சனம் வெளியே வரத் தொடங்கியது. கச்சிமுகம்மது நேரே ஓட்டோவுக்கு வந்து பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தார். பை இன்னும் கக்கத்தில்தான் இருந்தது.

"கடுதாசியக் கேட்டன்," என்றார். "வெளிநாட்டு லைசன்ஸ் ஒண்டப் போன்ல காட்டினான். நம்மட நாட்டுக் கடுதாசி எங்க எண்டன். வந்து கொண்டிருக்கு எண்டான். அப்ப அது வந்தாப் போல நானும் வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஒழும்பிட்டன்."

அவர் எழும்பியதும் பின்வரிசையும் எழும்பியதாம். அதே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டார்களாம். மேடையில் நின்றவர்கள் தேநீர் இடைவேளை என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் போய்விட்டார்கள். நேசராசா ஸ்டியரிங் பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். நேற்றுச் சொன்னதைக் கேட்டும் ஏன் காசோடு உள்ளே போனீர்கள் காக்கா என்று கேட்டார்.

"திங்கக்கிழமையும் நீதான் சொன்ன, வெள்ளிக்கிழமையும் நீதான் சொன்ன. எத நம்புற? அதுதான் நானே கேட்டுப் பாத்தன்." பிறகு பையைத் தட்டிக் காட்டி, "இந்தக் காசில உம்றாக்குப் பொஞ்சாதி முதல்ல போகட்டும். அவட கூடப்பொறந்த காக்கா ரமழானுக்குப் பொறகு போறார், அவரோட சேத்து அனுப்புறன். நான் மறுகா போறன்," என்றார்.

இரண்டு வருடமாக, போகிற அந்த ஒரு ஆள் தான்தான் என்று நினைத்திருந்த மனிதருக்கு இந்த வழி அந்த மண்டபத்தின் கதிரையில் இருக்கும்போதுதான் தோன்றியதாம். நேசராசா அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கூலி கேட்கவில்லை, கச்சிமுகம்மதும் தரவில்லை. ஸஹீத் அடுத்த கிழமை தன் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தான். முறைப்பாட்டை எழுதிக் கொடுத்தது மேனுஜா. காணிக் காசு வருமோ வராதோ, அவன் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டு மச்சானின் ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

நேசராசாவை மட்டும் ஒன்பது நாள் ஒருவரும் கூப்பிடவில்லை. கடைக்காரர்களும் இல்லை, அரசாங்கக் கந்தோர்களும் இல்லை. ஓட்டோவைக் கழுவித் துடைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். இந்தத் தொழில் முடிந்தது என்று றஞ்சிதமலரிடம் ஒருநாள் சொல்லியும்விட்டார். சோற்றுக்கு வழியில்லை என்பதைவிட, தன்னுடைய சொல்லுக்கு இனிப் பெறுமதி இல்லை என்பதுதான் அவரை வாட்டியது.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு நீர் வழங்கல் சபையிலிருந்து போன் வந்தது. பிரதான குழாய் ஒன்று வெடித்துக் கசிகிறது. திருத்துவதற்காகப் பத்து மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிவரை தண்ணீர் வராது. உடனே அறிவிக்க வேண்டும், வேறு ஆளில்லை என்றார்கள்.

ஓட்டோவை எடுத்தார். பாட்டில்லாமல் வாசித்தார். கடற்கரை வீதி, பள்ளி ஒழுங்கை, சந்தைப் பின்வீதி. ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. பையன்கள் இரண்டு பேர் அவரைக் கண்டு முப்பதாயிரம், முப்பதாயிரம் என்று சிரித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். நேசராசா வாசிப்பதை நிறுத்தவில்லை. நம்பினாலும் நம்பாவிட்டாலும் தண்ணீர் நிற்கத்தான் போகிறது. சொல்வது தன் கடமை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார்.

கல்முனைக்குடியின் கடைசி ஒழுங்கையில் ஓட்டோவைத் திருப்ப இடமில்லை. எஞ்சினை நிறுத்தி, மைக்கைக் கீழே வைத்துவிட்டு, தள்ளித் திருப்புவதற்காக இறங்கினார். அப்போதுதான் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம், வெறும் பிளாஸ்டிக் பரலுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். அடுத்த வீட்டு வளவிலும் அதே சத்தம். அதற்கடுத்த வளவில் யாரோ வாளிகளை இழுத்து வைக்கிறார்கள். ஒழுங்கை முழுக்கப் பைப்புகள் திறந்திருந்தன.

மதிலுக்கு மேலால் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தலையில் முக்காடு, கையில் நனைந்த குடம்.

"திரும்ப எத்தின மணிக்கி வரும் எண்டீங்க?"

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு, தங்கச்சி."

"அப்ப மத்தப் பரலையும் நிரப்பணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நேசராசா ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கண் நிறைந்துவிட்டது. உண்மையா என்று அவள் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டாள்.